விலா ஆறுவதற்குள்

இரண்டாவது பீப்பாயின் மூடியைத் தூக்கியதும் புகை கண்ணில் அடித்தது. வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையுறையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தான். கரி இன்னும் சரியாகச் சாம்பல் பூக்கவில்லை. ஓரங்களில் கறுப்பாகவே கிடந்தது. ஒரு குச்சியால் கிளறிவிட்டு மணி பார்த்தான். பத்து ஐம்பது.

சாலைக்கு அந்தப் பக்கம் சர்ச் வாசலில் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பனிக்கட்டியில் சக்கரங்கள் நொறுங்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கறுப்புக் கோட்டு வைத்திருந்தவர்கள் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். இல்லாதவர்கள் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டிலேயே வந்துவிட்டார்கள். உள்ளே, பீடத்துக்கு முன்னால், அவனுடைய அக்கா ஆர்டிஸ் பெட்டிக்குள் இருந்தாள்.

அவன் நின்றிருந்தது அவளுடைய வீட்டுக் கொல்லையில். நீளவாக்கில் அறுத்த இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்கள், அவற்றில் கரி. சமையலறை மேஜையில், துணி போட்டு மூடிய தட்டுகளில் முப்பத்தொரு மானின் விலா. நேற்றே வெந்நீரில் வெங்காயமும் வினிகரும் போட்டு மூன்று மணி நேரம் வேகவைத்து, அப்படியே ஆறவிட்டு, மேலே வெள்ளைத் தகடு மாதிரி இறுகிய கொழுப்பை உரித்து எறிந்திருந்தான். காலையில் மேப்பிள் பாகும் கடுகு விழுதும் மிளகும் தடவியாகிவிட்டது. மிச்சம் இருந்தது இருபது நிமிட நெருப்பு மட்டும்.

கணக்கு எளிது என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். பதினொன்றுக்கு ஜெபம் ஆரம்பம். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். பாட்டு முடிந்ததும் தம்பி என்ற முறையில் அவன் ஐந்து நிமிடம் பேசவேண்டும். பேசிவிட்டு நழுவி வந்து, பதினொன்று இருபதுக்கு விலாவை நெருப்பில் போட்டால், ஆமென் சொல்லி எல்லோரும் வெளியே வரும்போது சரியாக இருக்கும். டிசம்பரில் இங்கே மண் உறைந்து கல்லாகிவிடுவதால் குழி தோண்ட முடியாது. பெட்டி டவுனில் இருக்கும் கிடங்குக்குப் போய், ஏப்ரலில்தான் மண்ணுக்குள் இறங்கும். ஆகவே கல்லறைக்குப் போய்வரும் நேரமும் இல்லை. ஜெபம், உடனே சாப்பாடு.

ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனால்? அதை யோசிக்கும்போதெல்லாம் கரியை மறுபடி கிளறினான்.

மான் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு மாதிரி இல்லை. எவ்வளவு உரித்து எடுத்தாலும் எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் தங்கிவிடும். சூடாக இருக்கும்வரை அதுதான் ருசி. சூடு இறங்கியதும் இறுகி, மெழுகைப் பூசினாற்போல மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பயந்துதான் அந்த ஊரில் யாரும் விலாவைத் தொடுவதில்லை. முதுகுச் சதையை எடுப்பார்கள், தொடையை எடுப்பார்கள், மற்றதை அரைத்து சாசேஜ் ஆக்குவார்கள். விலாக்கூட்டைக் காட்டோரம் வீசிவிடுவார்கள். நரிக்கும் காக்கைக்கும் அது.

ஆர்டிஸ் மட்டும் வீசவிடவில்லை. வருஷா வருஷம் நவம்பரில் மான் வேட்டைக் காலம் திறந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வண்டியை விட்டு இறங்கவும் மாட்டாள். கண்ணாடியை இறக்கி, "கூடு இருக்கா?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஆர்டிஸ் வருகிறாள், நாயைக் கட்டுங்கள், அதன் பங்கை எடுக்க வந்திருக்கிறாள் என்று ஆண்கள் கேலி செய்வார்கள். நாய்க்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு அவள் கூட்டை வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்வாள்.

வெண்டல் வீட்டுக்கும் ஒரு வருஷம் அப்படித்தான் வந்தாள். அவனுக்கு அப்போது இருபத்தி நான்கு வயது, கல்யாணமான புதிது. கொட்டகைக்குப் பின்னால் அவன் வீசியிருந்த இரண்டு கூட்டையும் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் எடுத்துப்போனாள். அடுத்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் ஒன்பது எலும்பைக் கடித்து முடித்துவிட்டு, மாட்டில் இது எந்தப் பாகம் என்று கேட்டான்.

"உன் கொட்டகைக்குப் பின்னாடி கிடந்த பாகம்," என்றாள்.

அவள் வீட்டில் விலா என்றால் சட்டம் தனி. முதலில் எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். விலாவை அடுப்பிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே ஜெபத்தை முடித்துக்கொள்ள வேண்டும். தட்டுகள்கூட அடுப்பில் சூடாகியிருக்கும். ஃபோன் அடித்தால் அடித்து ஓயட்டும். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். ஒரு பிள்ளைக்கும் ஹார்ன் அடித்ததில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டு வாசலையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே ஷூ லேசைக் கட்டாமல் பிள்ளைகள் ஓடி வரும். சாப்பாட்டு மேஜையிலும் அதே பார்வைதான்.

செப்டம்பரில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நவம்பரில் வேட்டை திறந்தபோது அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. முன்னறை ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். அந்த ஞாயிறு மத்தியானம் வெண்டல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். படிக்கட்டில் தொம்மென்று எதையோ வைத்தார்கள். மணியடிக்காமலேயே போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் இன்னொரு வண்டி. இன்னொரு தொம். சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள்.

"இப்ப வந்தது யாரு?"

எட்டிப் பார்த்து, லார்சன் மகன் என்றான்.

"அவனுக்கு ரம்பம் பிடிக்கவே தெரியாது. கூட்டை நாறடிச்சிருப்பான், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். முதுகெலும்போடு சேர்த்துக் கோணல்மாணலாக அறுத்திருந்தது. திரும்பி வந்து சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு வலியாகி, வலி அடங்க நேரமானது.

"முப்பத்தொண்ணு," என்றாள் பிறகு. "எந்த வருஷமும் இத்தனை கெடச்சதில்ல. யாருடா திங்கறது இவ்வளவையும்?"

வெண்டல் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"சாவுச் சாப்பாட்டுக்குப் போட்டுரு. பன்னித்தொடை ஹாம் வைக்க விடாத. இந்த ஊர்ல ஒவ்வொரு சாவுக்கும் டார்லீனோட ஹாமைத் தின்னு எனக்கு அலுத்துப்போச்சு. என் சாவுலயாவது வேற ஏதாவது திங்கட்டும்."

அப்படியெல்லாம் பேசாதே என்று அவன் சொன்னான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூடாகப் போடு, சூடாகப் போட முடியாதென்றால் நரிக்கே போட்டுவிடு, பாதிச் சூட்டில் போட்டு என் பேரைக் கெடுக்காதே என்றாள்.

வெண்டல் வாழ்நாளில் முட்டைக்கு மேல் எதையும் சமைத்ததில்லை. அவள் போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கூட்டிலிருந்து நாலே எலும்பை வெட்டிப் பண்ணிப் பார்த்தான். நன்றாகவே வந்தது. தட்டில் வைத்து முன்னறைக்கு எடுத்து வரும்போது ஃபோன் அடித்தது. மருந்துக்கடை. நின்ற இடத்திலேயே பேசிவிட்டு வந்தான். ஆர்டிஸால் அப்போது எதையும் விழுங்க முடியாது. அவன் எலும்பை அவள் உதட்டருகே கொண்டுபோனான். நாக்கு நுனியால் தொட்டாள்.

"மெழுகுவத்தி," என்றாள்.

ரெண்டே நிமிஷந்தான் பேசினேன் என்று அவன் சொன்னான். ரெண்டு நிமிஷம் போதுமே என்றாள் அவள்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலையில், பள்ளிக்கூட பஸ் வீட்டைத் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில், அவள் மூச்சு நின்றது. வெண்டல் அவள் கையைப் பிடித்திருந்தான். பஸ் சத்தம் வளைவில் தேய்ந்து மறையும்வரை விடாமல் பிடித்திருந்தான்.

அதன்பின் டார்லீனோடு சண்டை. சர்ச் சமையலறையை நாற்பது வருஷமாக ஆண்டுவருபவர் டார்லீன். எழுபத்திரண்டு வயது. விலாவா, சரி, முதல் நாளே பண்ணி மூடி போட்ட பெரிய தட்டுகளில் வைத்துவிடு, ஹாம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்றார். முடியாது என்றான் வெண்டல். அறுபது பேருக்கு நீ எப்போதாவது சமைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றான்.

"அப்புறம் எந்த தைரியத்துல பேசற?"

"தைரியமெல்லாம் இல்ல டார்லீன். பயந்துட்டுதான் பேசறேன்."

டார்லீன் கோட்டை மாட்டிக்கொண்டே, எப்படியும் நான் ஹாம் ஒன்று செய்து வைக்கிறேன், கடைசியில் என்னிடம்தான் வருவாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வெண்டல் சாலையைக் கடந்து சர்ச்சுக்குள் போனான். கோட்டுப் பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. மூன்று நாளாக எழுதியும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. முன்வரிசையில் உட்காரப்போகும்போது பாஸ்டர் ட்ரெவர் அருகே வந்து தோளைத் தொட்டார். தெற்கே பெருநகரத்திலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சின்ன வயது, நல்ல மனது.

"உங்க பேச்சைக் கடைசிக்கு மாத்திட்டேன், வெண்டல். சொந்தத் தம்பி சொல்றதுதான் ஜனங்க மனசுல நிக்கணும். எனக்கப்புறம் நீங்க பேசலாம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். ஆர்கன் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது.

முதல் பாட்டு. வேத வாசிப்பு. இரண்டாம் பாட்டு. மணி பதினொன்று பதினெட்டு. வெண்டல் எழுந்து, குனிந்தபடி ஓரமாக நடந்து பின்கதவால் வெளியே போனான். தம்பிக்குத் துக்கம் தாங்கவில்லை என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. சாலையில் ஓடினான். கரி இப்போது நன்றாக வெளுத்திருந்தது. தட்டுகளைக் கொண்டுவந்து விலாக்களை அடுக்கினான். சொட்டிய பாகு கரியில் விழுந்து சீறியது. ஒவ்வொன்றையும் இடுக்கியால் திருப்பினான். பத்து நிமிடம். மறுபடி திருப்பினான். ஓரங்கள் கருகி, நடுவில் பளபளவென்று மினுங்கியது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். எலும்பிலிருந்து கழன்று வந்தது. அவள் செய்தது மாதிரியே இருந்தது. அது அவனுக்கே நம்ப முடியவில்லை. இன்னும் பத்து நிமிடம் நெருப்பில் கிடந்தால் காய்ந்துபோகும். எடுத்து வைத்தால், இந்தக் குளிரில், இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

பதினொன்று நாற்பது. சர்ச் கதவு மூடியே இருந்தது.

அவன் மறுபடியும் சாலையைக் கடந்தான். இடுக்கியைக் கீழே வைக்க மறந்துவிட்டான். பின்கதவைத் திறந்து உள்ளே நின்றபோது, ஆர்டிஸின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் மூன்று விஷயங்களில் இரண்டாவதைப் பாஸ்டர் தொடங்கியிருந்தார். கடைசி வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவன் கோட்டிலிருந்து புகையும் பாகும் கலந்த வாசனை போயிருக்க வேண்டும். பிறகு அதற்கு முந்தைய வரிசை திரும்பியது. பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, டவுனிலிருந்து வந்த சவ வண்டிக்காரர் ஆரின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் அவனைப் பார்த்தார்.

வெண்டல் காத்திருந்தான். இரண்டாவது விஷயம் பொறுமை. அதைப் பற்றி ஒரு கதை வந்தது. கதைக்குள் பாஸ்டரின் பள்ளிக்கூட நாட்கள் வந்தன. மணி பதினொன்று நாற்பத்தாறு.  ஒரு சாவில், அதுவும் சொந்த அக்காவின் சாவில், பிரசங்கத்தை நிறுத்திய மனிதன் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் அறுபது பேர் அவளுடைய விலாவைக் கடித்து, கைக்குட்டையில் துப்பி, ஹாமுக்குப் போவார்கள். மரியாதைக்கு நன்றாக இருந்தது என்பார்கள்.

"மூன்றாவதாக," என்றார் பாஸ்டர்.

"பாஸ்டர்."

குரல் பாதிதான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"மன்னிச்சுக்கணும். நான் இன்னும் பேசவேண்டியது இருக்கு, தெரியும். ஆனா வெளிய விலா வெந்துருச்சு. ஆறிட்டா யாராலயும் திங்க முடியாது. அவ அதை மட்டுந்தான் என்கிட்ட கேட்டா."

 பாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வெண்டலுக்குக் காதுகள் எரிந்தன.

மூன்றாவது வரிசையில் டார்லீன் எழுந்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆமென் மட்டும் சொல்லிடுங்க பாஸ்டர். மூணாவதை அங்க வந்து நின்னு சொல்லலாம்."

பாஸ்டர் தாளை மடித்தார். ஆமென் என்றார். சர்ச் முழுக்க ஆமென் என்றது.

யாரும் ஓடவில்லை. ஆனால் யாரும் மெதுவாகவும் நடக்கவில்லை. அறுபது பேர் கறுப்பும் ஆரஞ்சுமாகச் சாலையைக் கடந்து, கொல்லைக்குள் வந்து, பீப்பாய்களைச் சுற்றி நின்றார்கள். வெண்டல் பெரிய கத்தியால் எலும்புகளுக்கு நடுவே அறுத்தான். தட்டுக்கெல்லாம் நேரமில்லை என்றான். கையுறையைக் கழற்றுங்கள், கையில் வாங்கி அப்படியே கடியுங்கள் என்றான். முதல் எலும்பை டார்லீனுக்குக் கொடுத்தான். அவர் கடித்தார். மென்றார். எலும்பை முழுதாகச் சப்பி முடித்துவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.

பேச்சே இல்லை. எல்லார் வாயிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அவள் கூட்டிப்போன பிள்ளைகள் இப்போது தாடி வைத்த ஆண்களாக, கைக்குழந்தை வைத்த பெண்களாக நின்று விரல்களை நக்கிக்கொண்டிருந்தார்கள். லார்சன் மகன் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதையா நான் பத்து வருஷமா நரிக்குப் போட்டுட்டிருந்தேன்?"

நரி உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசும் என்று யாரோ சொன்னார்கள். அதற்குத்தான் முதல்முறை சிரிப்பு எழுந்தது. பிறகு பேச்சும் கிளம்பியது. கூடு கேட்டு அவள் வந்தபோது தன் அப்பா என்ன சொன்னார், அவள் என்ன திருப்பிச் சொன்னாள் என்று ஒருவர். தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து வீடுவரை தூக்கிவந்தாள் என்று ஒருத்தி. பாஸ்டரின் வெள்ளைக் காலரில் பாகு சொட்டியிருந்தது. அவர் மூன்றாவது விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது எலும்பு கேட்டார்.

டார்லீன் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ என்னடா பேசறதா இருந்த?"

வெண்டல் பையிலிருந்து தாளை எடுத்தான். விரல் பட்ட இடமெல்லாம் பாகு ஒட்டியது.

"படி. எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொருவரும் எதையோ கடித்துக்கொண்டோ, ஆர்டிஸைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டோ இருந்தார்கள்.

"வேணாம். திங்கட்டும்," என்றான்.

டார்லீன் தலையசைத்தார். ஹாமை என் நாய்க்குத்தான் போடவேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாதி எலும்போடு கூட்டத்துக்குள் போனார்.

பீப்பாயில் கடைசியாக நான்கு எலும்பு இருந்தது. அப்போதுதான் வெண்டலுக்கு உறைத்தது. ஆரினை அந்தக் கூட்டத்தில் எங்கேயும் காணவில்லை. நான்கையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தான்.

சர்ச் காலியாக இருந்தது. ஆரின் பெட்டிக்குப் பக்கத்தில் அதே இடத்தில், அதே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போவது தன் வழக்கமில்லை என்றார். மத்தியானம் பெரிய பனி வருமாம், ரோடு மூடுவதற்குள் எடுத்துப்போனால் நல்லது என்றார். குரலில் அவசரம் இல்லை.

"எடுக்கலாம். முதல்ல சாப்பிடுங்க," என்றான் வெண்டல். "சூடா இருக்கு."

ஆரின் தகரப் பெட்டியைப் பார்த்தார். ஆர்டிஸ் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். கறுப்புக் கையுறைகளைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். வெண்டல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் நிதானமாக, ஆனால் நிறுத்தாமல் சாப்பிட்டார். ஜன்னல் வழியாக, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் பேச்சு லேசாகக் கேட்டது. வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

முதல் எலும்பைச் சுத்தமாகக் கடித்து முடித்ததும் ஆரின் அதை விரல்களில் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார். பளபளத்த மரப் பெஞ்சு, பாட்டுப் புத்தகங்கள், வெள்ளைத் துணி விரித்த பீடம். வைப்பதற்கு ஓர் இடமும் இல்லை.

வெண்டல் உள்ளங்கையை நீட்டினான்.